ஹார்லன் கேட்ட முதல் கேள்வி

திங்கட்கிழமை ரதி அக்காவின் சாப்பாட்டுக்கடை பூட்டு. பாரிஸின் லா ஷப்பேலில் பூட்டிய கடைக்குள்தான் பாதி ஊர்க்காரியம் நடக்கும். அன்றும் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, மேசைகளைச் சேர்த்துப் போட்டு எங்கள் தமிழ்ச் சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே தூறல். கதிரைகளின் முதுகில் தொங்கிய கோட்டுகளிலிருந்து ஈரக் கம்பளி வாடை வந்தது. உள்ளே, மறுநாளைக்கான வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது.

மேசையின் ஒரு முனையில் ஹார்லன். எண்பது தாண்டிய அமெரிக்கர், நெட்டை மனிதர், காதில் எப்போதும் ஒரு பென்சில். தன் நாட்டில் தேவாலயங்களும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் கட்டியே வாழ்ந்தவர். பிறகு பாரிஸுக்கு வந்து, கார் து நோர் ரயில் நிலையத்தின் பின்பக்கம் சின்னதாக ஓர் அலுவலகம் வைத்திருந்தார். அதில் இருபது வருடங்களுக்கு மேல் படம் வரைந்தவள் நான். பிரெஞ்சு கடைசிவரை அவர் நாவில் ஏறவில்லை; அவருக்குப் பக்கத்தில் மொழிபெயர்க்கவும் அன்றைக்கு நான்தான்.

எங்கள் சங்கத்துக்குப் புறநகரான வில்லியே லே பெல் பக்கம் ஒரு பழைய சரக்குக் கிடங்கு கிடைத்திருந்தது. அதை ஒரு மண்டபமாக மாற்ற வேண்டும். கட்டடக் கலைஞரின் கையெழுத்து இல்லாமல் மாநகராட்சி படத்தைத் தொட்டும் பார்க்காது. ஓய்வு பெற்றும் பதிவை விடாமல் வைத்திருந்த ஹார்லனிடம் நான்தான் கேட்டேன். சம்பளம் வேண்டாம், மத்தியானம் இரண்டு மீன் றோல்ஸ் போதும் என்று சொல்லிவிட்டார்.

சங்கத் தலைவர் குணராசா அண்ணை, நகைக்கடைக்காரர். மண்டபத்தில் என்னென்ன வேண்டும் என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டு போனார். மணவறை போட மேடை. அரங்கேற்றத்துக்கு வெளிச்சம். சாமத்தியவீட்டுக்குப் பூப்பெய்திய பெண்பிள்ளையை அழைத்து வர அகலமான நடை. இடியப்பம் அவிக்கப் பெரிய குசினி. கார் விட இடம். நான் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல ஹார்லன் தலையாட்டினார். ஆனால் ஒரு கோடுகூடப் போடவில்லை.

எல்லாம் முடிந்ததும் பென்சிலை மேசையில் வைத்துவிட்டு அவர் என்னிடம் கேட்டார். “இறந்தவர்கள் எந்த வழியாக வருவார்கள்?”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். வயது போய் ஏதும் தடுமாற்றமோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவர் நிதானமாகத்தான் இருந்தார். வேறு வழியில்லாமல் அப்படியே தமிழில் சொன்னேன்.

அடுப்படியில் ரதி அக்காவின் அகப்பை நின்றது. மேலே மெத்ரோ பாலத்தில் இரண்டாம் இலக்க வண்டி போகிற சத்தம் மட்டும் கேட்டது.

“தங்கச்சி, அவர் கேட்டது உங்களுக்கு விளங்கேல்லைப் போலை. திருப்பிக் கேளுங்கோ” என்றார் குணராசா அண்ணை.

“விளங்கினது அண்ணை. செத்த ஆக்களைப் பற்றித்தான் கேக்கிறார்.”

“என்ன கதை இது? நாங்கள் கலியாண மண்டபம் கட்ட வந்தனாங்கள். நல்ல காரியம் துவங்கேக்கை உந்தக் கதையே கதைக்கிறது? செத்த ஆக்கள் ஒருதரும் வரமாட்டினம் எண்டு சொல்லுங்கோ.”

சொன்னேன். ஹார்லன் கொஞ்சம் யோசித்தார். “அப்படியானால் அவர்களை எங்கே கொண்டுபோகிறீர்கள்?”

அதையும் சொன்னேன். குணராசா அண்ணை எழுந்து கோட்டைப் போட்டுக்கொண்டார். கூட்டம் அதோடு முடிந்தது.

ஆர்ஜொந்தெய் அறை

இந்த இதழில் இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்து ஹார்லனைப் பற்றி எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். நன்றிக்கடன் பெரிதாக இருந்தால் பேனா ஓடுவதில்லை. எப்போதும் பிரெஞ்சிலேயே பதில் சொல்கிற என் மகள், “அம்மா, எல்லாரையும் பற்றி எழுதிவிட்டாய், உன்னை வேலைக்கு எடுத்த மனிதரைத் தவிர” என்று குத்திக்காட்டினாள். அவள் சொன்னது சரிதான்.

யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரியில் படவரைஞர் படிப்பு முடித்தவள் நான். பாரிஸுக்கு வந்தபோது பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தது வணக்கமும் மன்னிப்பும்தான். கணவர் தேவன் ஒரு உணவகக் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்த உணவகத்துக்குச் சாப்பிட வரும் ஒரு அமெரிக்கர் ஆங்கிலம் தெரிந்த படவரைஞரைத் தேடுகிறாராம் என்று ஒரு நாள் ஓடி வந்து சொன்னார். கையில் ஈரம்கூடத் துடைக்கவில்லை.

நான் ஊரில் வரைந்த படங்களைச் சுருட்டிக்கொண்டு போனேன். ஹார்லன் அந்தச் சுருளை விரிக்கவேயில்லை. ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளிவைத்து, “இப்போது நீ இருக்கும் வீட்டை வரைந்து காட்டு” என்றார். (அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் எழுதும்போது என் கை ‘நீ’ என்றே எழுதுகிறது. அந்த உரிமை அவருக்கு உண்டு, இருக்கட்டும்.)

எனக்குக் கோபம் வந்தது. நாங்கள் அப்போது ஆர்ஜொந்தெய் புறநகரில் ஒரே அறையில் இரண்டு குடும்பமாக இருந்தோம். அதை வரைந்து காட்ட வெட்கம். வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வரும். சரி, பார்க்கத்தானே வேண்டும், பார் என்று வரைந்தேன். சுவர், யன்னல் எல்லாம் போட்டேன். அதோடு நிற்காமல் யாருடைய மெத்தை எங்கே, சோற்றுப்பானை எங்கே, சப்பாத்துகள் எங்கே, இரவு வேலைக்குப் போய்வருகிறவர் பகலில் படுக்க நடுவில் சேலை எங்கே கட்டியிருக்கிறது, குழந்தைக்குப் பால் கரைக்கும் மூலை எது என்று எல்லாவற்றையும் போட்டேன்.

அவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். “கதவு ஏன் பாதிதான் திறக்கிறது?” என்று கேட்டார்.

“அதன் பின்னால் அரிசி மூட்டை இருக்கிறது” என்றேன் வெடுக்கென்று.

“திங்கட்கிழமை வா” என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. என் கல்லூரிச் சான்றிதழ் கைப்பையில் அப்படியே இருந்தது. இன்றைக்கு எனக்கென்று ஒரு வீடு, என் பிள்ளைக்கு ஒரு படிப்பு, எனக்கு ஓய்வூதியம் எல்லாம் இருப்பது அந்த ஒரு சொல்லால். இதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. நம் ஆட்களுக்கு வீட்டு மனிதருக்கு நன்றி சொல்லி வழக்கமில்லையே.

கோதுமைக் காட்டிலிருந்து வந்தவர்

ஹார்லன் பிறந்தது அமெரிக்காவின் நடுவில், கோதுமை வயலைத் தவிர வேறொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஊரில். அந்த ஊரில் உயரமான கட்டடங்கள் இரண்டே. ஒன்று தானியக் களஞ்சியம், மற்றது தேவாலயம். பையனாக இருக்கும்போது களஞ்சியத்தைத்தான் அதிகம் பிடித்ததாம். அதற்குள் எலி ஓடுகிற சத்தமாவது கேட்கும், தேவாலயத்தில் அதுவும் இல்லை என்பார்.

படித்து முடித்து முதலில் கட்டியது ஒரு தேவாலயம். இளம் வயது, பெரிய ஆசை. ஊசிக் கோபுரம், வண்ணக் கண்ணாடி, உள்ளே போகிறவர்கள் திடீரென்று வெளிச்சத்தைக் காணவேண்டுமென்று வளைந்து திரும்பும் ஒடுக்கமான நுழைவாசல். பத்திரிகையில் படம் வந்தது. எல்லோரும் மெச்சினார்கள்.

அந்தத் தேவாலயத்தில் நடந்த முதல் சாவுச் சடங்குக்கு அவர் போயிருந்தார். ஒரு விவசாயியின் பெட்டியைத் தூக்கி வந்தவர்கள் அந்த வளைவில் திரும்ப முடியாமல் நின்றார்கள். முன்னால் நின்றவர் பின்னால் போனார், பின்னால் நின்றவர் பக்கவாட்டில் வந்தார், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பெட்டியைச் செங்குத்தாகச் சாய்த்து, ஏதோ அலுமாரி ஏற்றுவது மாதிரி ஏற்றினார்கள். உள்ளே உடல் சரிகிற சத்தம் கேட்டது. அந்த மனிதரின் மனைவிக்கும் கேட்டது.

“அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டியது நான் என்று அவளுக்குத் தெரியாது” என்று சொல்வார் ஹார்லன். இந்தக் கதையை அலுவலகத்தில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்வார். சொல்லும்போது ஒவ்வொரு முறையும் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார்.

அதன் பிறகு அவரை அழைத்த ஒவ்வொரு சபையிடமும் அவருடைய முதல் கேள்வி அதுதான். இறந்தவர்கள் எந்த வழியாக வருவார்கள்? அதைக் கேட்காமல் கோடு போடமாட்டார். பாதிரிமார் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார்கள். மணப்பெண் வருகிற அதே நடையில்தான் பெட்டியும் வரும், அதுதான் அவர்களுக்கு முறை. அதனால் அவருக்கு அது சாதாரணக் கேள்வி.

பல்கலைக்கழகங்களில் கேள்வி வேறு. “பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை எங்கே போய் அழும்?” என்று கேட்பாராம். பேராசிரியர்களுக்கு எரிச்சல் வரும். அவர்கள் ஆய்வுகூடத்தின் பரப்பளவைப் பற்றிப் பேச வந்திருப்பார்கள். இவர் விடமாட்டார். அவர் கட்டிய நூலகங்களிலெல்லாம் மாடிப்படி திரும்பும் இடத்தில் ஒரு யன்னலும், ஒரே ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய ஒரு திண்டும் இருக்கும். வரைபடத்தில் அதற்குப் பெயர் எழுதமாட்டார். எழுதினால் செலவென்று வெட்டிவிடுவார்களாம்.

எல்லாம் வெற்றி என்றும் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்தில் எல்லா மதத்தவருக்கும் பொதுவாக வட்டமாக ஒரு வழிபாட்டுக்கூடம் கட்டினார். எந்த மதத்தவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. சில வருடம் கழித்துப் போனபோது உள்ளே மடக்குக் கதிரைகளை அடுக்கி வைத்திருந்தார்களாம். “நல்ல உலர்ந்த இடம், கதிரைகள் துருப்பிடிக்கவில்லை” என்று சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். தன் தோல்வியைச் சொல்லிச் சிரிக்கிற முதலாளி யாருக்குக் கிடைக்கும்?

ஓடில் என்ற பிரெஞ்சுப் பெண்ணைக் கட்டினார். தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். அவருக்காகத்தான் பாரிஸுக்கு வந்தார். இன்றும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடில் மேலே வாசிக்க, இவர் கீழே கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்து கூரையில் வெடிப்பு எங்கே என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

கார் து நோர் வரை நடந்தோம்

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். கடையை விட்டு வெளியே வந்ததும் எனக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. ஃபோபூர் செந்தெனி வீதி நெடுக, புடவைக்கடையும் மரக்கறிக்கடையும் பார்க்க, அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். எத்தனை மாதம் அலைந்து அந்தக் கிடங்கைப் பிடித்தோம். குணராசா அண்ணையை இந்தப் பக்கம் திருப்ப எவ்வளவு பாடுபட்டேன். இப்போது வேறு கட்டடக் கலைஞரைப் பார்ப்போம் என்று சொல்லப்போகிறார்கள். எங்கள் ஆட்களிடம் இதைக் கேட்கலாமா என்று என்னிடம் ஒரு சொல் முன்னாலேயே கேட்டிருக்கக் கூடாதா?

ஹார்லன் ஊன்றுகோலை ஊன்றி மெதுவாக வந்தார். ஒரு காது அவருக்குச் சரியாகக் கேட்காது. வேண்டுமென்றே அந்தக் காதை என் பக்கம் வைத்துக்கொண்டாரோ என்னவோ.

நிலையத்து வாசலில் நின்று, “அவர்கள் வேண்டாம் என்றால் அந்த வாசலை நான் வரையமாட்டேன். கட்டடம் அவர்களுடையது. ஆனால் பவானி, நான் கேட்டது பழக்கத்தில் இல்லை” என்றார்.

“பின்னே?”

“தேவனின் நாளில் நான் வீதியில் நின்றேன்.”

அவர் வந்திருந்தது எனக்கு அந்த நிமிடம் வரை தெரியாது.

தேவன் போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஆஸ்பத்திரியின் பிரேத அறைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய அறை தந்தார்கள். அரை மணி நேரம். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், தன்மையான மனிதர்கள், மெழுகுதிரிகூட அவர்களாகவே கொண்டுவந்து வைத்தார்கள். ஆனால் அந்த அறைக்குள் எத்தனை பேர் நிற்கலாம்? வில்லியே லே பெல்லிலிருந்தும் ஆர்ஜொந்தெய்யிலிருந்தும் வந்த சனம் முழுவதும் வெளியே நடைபாதையில் மழைக்குள் நின்றது. உள்ளே வாய்க்கரிசி போடவே நேரம் போய்விட்டது. பதிகம் பாடத் தொடங்கி மூன்றாவது பாட்டு நடக்கும்போது கதவு மெதுவாகத் தட்டப்பட்டது. “மதாம், சில் வூ ப்லே” (அம்மா, தயவுசெய்து) என்றார்கள். நடைக்குள் அடுத்த குடும்பம் பூக்களோடு காத்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் அரை மணி நேரம்தான்.

பாட்டு பாதியில் நின்றது. தகனம் முடிந்து வந்த சனம் போக இடமில்லை. எங்கள் வீடு நாலாம் மாடி, லிஃப்ட் வேறு பழுது. கார் நிறுத்துமிடத்தில் கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு எல்லோரும் ரயிலுக்குப் போனார்கள். அழ நேரமில்லாமல் போன சாவு அது. பிறகு அழலாம் என்று வைத்தேன். பிறகு அழுகை வரவில்லை.

“எங்கள் ஊரில் நான் ஒருவரைத்தான் சரித்துவிட்டேன். அன்றைக்கு அந்த நடைபாதையில் எத்தனை பேர் நின்றார்கள் என்று பார்த்தேன்” என்றார் ஹார்லன். பிறகு, ஓடில் காத்திருப்பாள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுபடியும் ரதி அக்கா கடையில்

அடுத்த கூட்டத்துக்கு ஹார்லனையும் கூட்டிக்கொண்டு போனேன். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. நான் உட்காரவில்லை. நின்றபடியே தேவனின் நாளைச் சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் முழுவதையும் சொன்னேன்.

“பிள்ளை, எனக்குத் தெரியாதே?” என்றார் குணராசா அண்ணை. குரல் தணிந்திருந்தது. “நானும் வெளியிலைதான் நிண்டனான். நனைஞ்சு காய்ச்சலும் வந்தது. நான் மனச்சாட்சி இல்லாதவன் இல்லை. ஆனா ஒண்டை யோசியுங்கோ. இந்த மண்டபம் கலியாண வாடகையிலைதான் ஓடவேணும். பிரேதம் வைச்ச இடம் எண்டு ஒருக்கால் கதை வெளிக்கிட்டா, ஆர் தங்கடை பொம்பிளைப் பிள்ளையை மணவறையிலை இருத்துவினம்? நீங்கள் உங்கடை மகளை இருத்துவியளோ?”

நியாயமான கேள்வி. என் மகளை இருத்துவேனா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது ரதி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தா. சங்கத்தில் அவ உறுப்பினர்கூட இல்லை, இடம் கொடுக்கிறவ.

“குணராசா அண்ணை, உங்கடை அக்காவின்ரை கலியாணம் எங்கை நடந்தது?”

“ஊரிலைதான். வீட்டிலை.”

“உங்கடை ஐயா மோசம் போனது?”

“அதுவும் வீட்டிலைதான்... ஏன் கேக்கிறாய்?”

“முந்தி நடந்தது எது?”

குணராசா அண்ணை சற்றுத் தயங்கினார். “ஐயாவின்ரை செத்தவீடு. அடுத்த வருசம் அக்காவின்ரை கலியாணம்.”

“அதே வீட்டு முத்தத்திலைதானே பந்தல் போட்டியள்? ஒருதரும் வரமாட்டம் எண்டு சொன்னவையோ?”

“அது... முப்பத்தொண்டாம் நாள் காரியம் முடிச்சு, வீடு கழுவி, வெள்ளையடிச்சு...”

“அப்ப இஞ்சையும் கழுவுவம்” என்றா ரதி அக்கா. சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பார்க்கப் போய்விட்டா.

சிலர் சிரித்தார்கள். குணராசா அண்ணையும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. வீடு வேறை, வாடகை மண்டபம் வேறை என்றார்.

ஹார்லன் என் கையைத் தட்டி, என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். “வீட்டில் எந்த இடத்தில்? சரியாக எந்த இடத்தில்?”

அந்தக் கேள்வியை நான் தமிழில் சொன்னதுதான் தாமதம், எல்லோரும் ஒன்றாகக் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பெட்டி வைப்பது விறாந்தையில். இல்லை, நடுக்கூடத்தில். கிரியை செய்வது முற்றத்துப் பந்தலுக்குக் கீழே. பெண்கள் இந்தப் பக்கம், ஆண்கள் வேலியோரம். வெளியே எடுப்பது வாசல் படலையால். திரும்பி வருகிறவர்கள் கிணற்றடியில் குளிக்காமல் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. என்னால் மொழிபெயர்த்து முடியவில்லை. மேசையில் விரித்திருந்த கடதாசி விரிப்பில் ஹார்லன் கோடு போடத் தொடங்கினார். அந்த மனிதர் அந்தக் கட்டடத்துக்குப் போட்ட முதல் கோடு அதுதான். குணராசா அண்ணை எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “கிணறு பிழையான பக்கம்” என்றார். ஹார்லன் அழித்துவிட்டு மறுபக்கம் வைத்தார்.

கிடங்கின் பின்னால் லொறிகள் திரும்ப ஒரு பெரிய வெளி இருந்தது. அதற்குப் பின் வீதியில் தனி வாசலும் இருந்தது. ஹார்லன் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

“எங்கடை வீட்டு முத்தம்” என்று யாரோ சொன்னார்கள்.

“அது கார் விடுற இடமெல்லே” என்றார் குணராசா அண்ணை. அதுதான் அவருடைய கடைசிக் கோட்டை. பாரிஸில் கலியாணம் செய்கிறவர்கள் மண்டபத்தில் முதலில் கேட்பது கார் விட இடம் இருக்கிறதா என்பதைத்தான், மணவறையைப் பற்றிப் பிறகுதான் கேட்பார்கள்.

“கலியாணத்துக்குக் கார் நிக்கட்டும். மற்ற நாளுக்கு ஆக்கள் நிக்கட்டும்” என்றேன்.

அவர் நாடியைத் தடவினார். “மண்டபத்துக்கும் முத்தத்துக்கும் நடுவிலை கதவு இருக்கப்படாது. ஒரு சின்னக் கதவுகூட. உள்ளுக்கை இருந்து அங்கை போகேலாது எண்டு நான் ஆருக்கும் சத்தியம் பண்ணிச் சொல்லக்கூடியதா இருக்கவேணும்.”

ஹார்லனிடம் சொன்னேன். அவர் பென்சிலை நிறுத்திவிட்டுக் குணராசா அண்ணையைப் பார்த்தார். மணப்பெண்ணும் பெட்டியும் ஒரே நடையால் வரவேண்டும் என்று ஆயுள் முழுவதும் வரைந்த மனிதர். பிறகு அந்த இடத்தில் தடித்த ஒரு கோடாகச் சுவரை இழுத்தார். “இவ்வளவு நீளச் சுவரைக் கதவில்லாமல் நான் வரைந்ததே இல்லை. அவர் வீட்டை அவர்தான் அறிவார்” என்றார் என்னிடம்.

முற்றம்

கட்டி முடிக்க நாங்கள் நினைத்ததைவிட அதிகக் காலம் எடுத்தது. அந்தக் கதையை எழுதினால் இந்த இதழ் போதாது. முன் வீதியில் மண்டபம், மேடையும் வெளிச்சமுமாக. பின் வீதியில் முற்றம், இரு பக்கமும் மழை படாத தாழ்வாரத்தோடு. வாசலருகே வரிசையாகத் தண்ணீர்க் குழாய்கள். குளிரில் கை விறைக்காமலிருக்க அதில் சுடுதண்ணீர் வருகிற ஏற்பாடு ஹார்லனுடைய யோசனை. மாநகராட்சியில் அனுமதி வாங்கி, மூடிய பெட்டியோடு எங்கள் மனிதரை அங்கே கொண்டுவந்து வைக்கலாம்.

மண்டபத்தில் கலியாணங்கள் நடந்தன. முற்றத்தில் கார்கள் நின்றன. அந்த இடத்தின் மற்ற உபயோகத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. கட்டியதோடு சரி, பாவிக்கமாட்டார்கள், அந்த வட்டமான வழிபாட்டுக்கூடம் மாதிரித்தான் இதுவும் என்று எனக்குப் பயம் பிடித்துவிட்டது. ஹார்லனிடம் சொன்னபோது, “பொறு, யாரையும் அவசரப்படுத்த முடியாத காரியம் இது” என்றார்.

ஒரு காலையில் குணராசா அண்ணை தொலைபேசி எடுத்தார். வழக்கமாகக் கடைக்குள் நின்று உரத்துக் கதைக்கிறவர். அன்று குரலே இல்லை.

“பிள்ளை, அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டார். “முத்தத்திலை சனிக்கிழமை ஒண்டும் இல்லையே?”

அவருடைய அக்காவைப் பின்வாசலால் கொண்டுவந்தார்கள். வாசல் அகலம், தூக்கி வந்தவர்கள் ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ஹார்லன் ஓரமாக நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சனம் முழுவதும் உள்ளே நின்றது. பேரப்பிள்ளைகள் பிரெஞ்சில் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுப் பந்தம் பிடித்தார்கள். பதிகம் முழுவதும் பாடினார்கள். பாடி முடிந்த பிறகும் நேரமிருந்தது, பெண்கள் அழுதார்கள், நானும் அழுதேன். அந்த அம்மாவோடு எனக்குப் பெரிய பழக்கமில்லை. யாருக்காக அழுதேன் என்று பக்கத்தில் நின்ற ரதி அக்காவுக்குத் தெரியும். அவ என் முதுகில் கையை வைத்தபடி நின்றா.

எல்லாம் முடிந்து குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது குணராசா அண்ணை வந்தார்.

“ஹார்லன் ஐயாவிட்டைச் சொல்லுங்கோ, அக்காவை வடிவா அனுப்பி வைச்சிட்டம் எண்டு.”

நான் சொன்னேன். ஹார்லன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவருக்கொருவர் ஒரு சொல்லும் விளங்காத அந்த இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்கள்.

பிறகு குணராசா அண்ணை என் பக்கம் திரும்பினார். “வாற மாசம் தேவன்ரை திவசமெல்லே? வீட்டிலை செய்யாதேங்கோ பிள்ளை. இஞ்சை செய்வம். அண்டைக்கு மழைக்கை நிண்ட எல்லாரையும் நான் கூப்பிடுறன்.”

கூப்பிட்டார். வந்தார்கள். நாங்கள் மூன்றாவது பாட்டில் நிறுத்திய பதிகத்தை முதலிலிருந்து பாடி முடித்தோம். பிறகு தாழ்வாரத்தில் வரிசையாக இருந்து சாப்பிட்டோம். ஹார்லனுக்கு ஒரு கதிரை போட்டு என் பக்கத்தில் இருத்தினேன். சாப்பிட்ட பிறகும் யாரும் ரயிலுக்கு எழுந்து போகவில்லை. தேவனோடு குசினியில் வேலை செய்த ஒருவர், தேவன் முதல் நாளிலேயே முதலாளியின் சூப்பைக் கழுவுதண்ணீர் என்று நினைத்துக் கொட்டிய கதையைச் சொன்னார். எனக்குத் தெரியாத கதை. என்னிடம் மறைத்திருக்கிறார் மனிதர். முற்றம் முழுவதும் சிரித்தது. என் மகள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஹார்லன் நல்ல காதை என் பக்கம் திருப்பினார். “என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள்?”

“தேவனைப் பற்றி” என்றேன். பிறகு முதலிலிருந்து அவருக்கு மொழிபெயர்க்கத் தொடங்கினேன்.